வெள்ளி மாலை ஜெபத்தை முன்நின்று நடத்துவது எப்படி: யூத 'நுஸாக்' மரபுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெப ஆலயத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவருக்கு, முன்னால் நிற்பவர் 'காதிஷ்' துதியின் முதல் இரண்டு சொற்களை இழுத்தவுடனே அன்று என்ன நாள் என்று தெரிந்துவிடும். "யித்கதால் வெயித்கதாஷ்" என்ற அந்தச் சொற்கள் வருடம் முழுவதும் மாறுவதில்லை. மெட்டுதான் மாறுகிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு ஒன்று, ஓய்வுநாளுக்கு ஒன்று, இலையுதிர்காலத்தில் மழை வேண்டும் நாளுக்கு ஒன்று, பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் அன்று பொழுது சாயும்போது நடக்கும் நெயிலா ஜெபத்துக்கு வேறொன்று. மெட்டை மாற்றிப் பாடிவிட்டால், ஒரு சொல்கூடப் பிசகாமலேயே நீங்கள் தவறான நாளை அறிவித்துவிட்டீர்கள்.

எந்த நாளில், எந்த வேளையில், எந்த ஜெபத்தை எந்த ராகப் போக்கில் சொல்ல வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு யூதர்கள் வைத்திருக்கும் பெயர் 'நுஸாக்'. (ஜெபநூலின் பாடபேதத்துக்கும் இதே சொல்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கும் மரபை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமாக இராது.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் பரவிய அஷ்கெனாசி யூதர்களின் வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்தை, அதாவது ஓய்வுநாள் தொடங்கும் வேளையின் ஜெபத்தை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதன்முறை முன்நிற்பவருக்கு இதைவிடத் தோதான வேளை இல்லை என்பது என் எண்ணம். வாரம் முடிந்து, குளித்து, நல்ல உடை உடுத்தி வந்திருக்கும் சபை பாடத் தயாராகவே இருக்கும். காலை ஜெபத்தில் வருவதுபோல நின்றபடி சொல்லும் நீண்ட மைய ஜெபமான 'அமிதா'வைத் தனியாகத் திரும்பச் சொல்லும் சுமையும் மாலையில் கிடையாது. இந்தப் பொறுப்பு அந்தச் சபையைச் சேர்ந்த யூதருக்கே உரியது. மற்றவர்கள் இதை ஓர் இசை மரபு உள்ளிருந்து எப்படி இயங்குகிறது என்று அறிவதற்காக வாசிக்கலாம்.

முதலில், அழைப்பு

முன்நிற்பவரை 'ஷலியாக் ட்சிபூர்' என்பார்கள். சபையின் தூதர் என்று பொருள். இதையே தொழிலாகக் கொண்டவர் 'ஹஸான்'. அச்சுப் புத்தகம் வருவதற்கு முன் எல்லாருக்கும் முழு ஜெபமும் மனப்பாடமாக இருந்ததில்லை. ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் 'ஆமென்' என்று ஏற்றுக்கொண்டால் அது அவர்கள் சொன்னதாகவே கணக்கு. தூதர் தடுமாறினால் அது அவரை அனுப்பியவர்களுக்கும் கெட்ட சகுனம், ஏனென்றால் ஒருவனுடைய தூதன் அவனுக்கே சமம் என்கிறது யூதச் சட்ட மரபின் பழந்தொகுப்பான மிஷ்னா. எனவே கச்சேரி மேடைக்கு ஏறும் மனநிலையோடு இந்த இடத்துக்கு வரக் கூடாது.

யோசேஃப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் முதன்முதலாக அச்சான சட்டநூலான 'ஷுல்கான் ஆரூக்', தூதருக்கு வேண்டிய தகுதிகளை அடுக்குகிறது. பழியற்ற வாழ்க்கை, நல்ல பெயர், பணிவு, சபையின் சம்மதம் எல்லாம் வந்த பிறகுதான் இனிய குரல் வருகிறது. அதே பகுதி இன்னொன்றும் சொல்கிறது. இறைவனைப் பாடும் மகிழ்ச்சியில் ஒருவர் நீட்டிப் பாடினால் அவருக்கு ஆசி உண்டு. தன் குரலைத் தானே ரசித்து நீட்டினால் அது இழிவு. இரண்டில் எதுவானாலும் அளவுக்கு மீறி இழுத்துச் சபையைக் களைப்பாக்குவது நல்லதல்ல. ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே இதை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அப்போதும் சிலர் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அழைத்தவுடன் எழுந்து ஓடுவது மரியாதையல்ல. மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தால்மூத் இதற்குச் சமையலறையிலிருந்து உவமை எடுக்கிறது: கொஞ்சமும் மறுக்காதவர் உப்பில்லாத கறி, அளவு கடந்து மறுப்பவர் உப்புக் கரிக்கும் கறி. முதல் அழைப்புக்கு மறுக்க வேண்டும், இரண்டாவதுக்குத் தயங்க வேண்டும், மூன்றாவதுக்குக் காலை நீட்டி நடந்துவிட வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முன்கூட்டியே உங்கள் பெயரைக் குறித்து வைத்திருந்தால் இந்த நாடகம் தேவையில்லை.

நிர்வாகப் பொறுப்பாளரான 'கப்பாய்' என்பவரிடம் முன்னதாகவே சில விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எந்த சித்தூர் (ஜெபநூல்) பயன்படுகிறது? ஓய்வுநாளை வரவேற்கும் 'லெகா தோதி' பாடலுக்கு வழக்கமான மெட்டு உண்டா? எங்கே நிற்க வேண்டும்? மௌன ஜெபத்துக்குப் பின் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? தோளில் 'தல்லித்' சால்வை போட வேண்டுமா? தல்லித் பகலுக்குரியது என்றாலும், பல அஷ்கெனாசி ஆலயங்களில் இரவிலும் தூதர் மட்டும் அணிவார்.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் 'மின்யான்', அதாவது சபை ஜெபத்துக்கு வேண்டிய எண்ணிக்கை, நிறையும். வயது பதின்மூன்று கடந்திருக்க வேண்டும். பழைய மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஆண்கள் மட்டுமே கணக்கு. சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் சபைகளிலும் பெரும்பாலான கன்சர்வேடிவ் சபைகளிலும் பெண்களும் எண்ணப்படுகிறார்கள், முன்நிற்கவும் செய்கிறார்கள். நியூயார்க்கின் ஹீப்ரூ யூனியன் கல்லூரி 1975-இல் முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு ஹஸான் பட்டம் அளித்தது. பத்துப் பேர் சேராவிட்டால் சங்கீதங்களை (எபிரேய வேதத்தின் துதிப்பாடல்களை) மட்டும் சொல்லலாம். ஜெப அழைப்பான 'பர்கு', 'காதிஷ்', சுருக்க ஆசியான 'மாகேன் ஆவோத்' மூன்றையும் விட்டுவிட வேண்டும்.

மெட்டுக்கு முன் எழுத்து

ஆர்வக்கோளாறில் பலர் முதலில் மெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லை அதற்குள் திணிக்கிறார்கள். திருத்த முடியாத பிழைகள் இப்படித்தான் ஊறுகின்றன. இரண்டு வாரம் மெட்டே இல்லாமல் உரக்க வாசியுங்கள். எபிரேயத்தில் அழுத்தம் விழும் அசை மாறினால் பொருளே மாறும். 'இஸ்ரயேலே, கேள்' என்ற விசுவாச அறிக்கையான ஷெமாவுக்குப் பின் வரும் 'வெஆஹவ்தா' என்ற சொல்லில் கடைசி அசை அழுந்தினால் 'நீ அன்பு செலுத்துவாயாக'. நடு அசை அழுந்தினால் 'நீ அன்பு செலுத்தினாய்' என்று கட்டளை பழங்கதையாகிவிடும். அழகான மெட்டு ஒன்று தப்பான அசையில் உச்சிக்குப் போனால், அந்த மெட்டு அந்த வரிக்கு ஆகாது என்றே வையுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் எழுத்து ப-வுக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் ஒரே வடிவம்தான் தருகிறது. எபிரேயத் தொண்டை ஒலிகள் இரண்டும் நம்மிடம் ஒன்றாகிவிடும். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்கும் சொற்களும் அடையாளத்துக்கு மட்டுமே. எபிரேய எழுத்தைக் கற்காமல் இந்த வேலைக்கு வர முடியாது.

உச்சரிப்பிலும் இரண்டு வழக்குகள் உண்டு. பழைய அஷ்கெனாசி வழக்கில் 'ஷபோஸ்', இஸ்ரேலிய வழக்கில் 'ஷபாத்'. உங்கள் சபையின் வழக்கு எதுவோ அதைப் பிடியுங்கள். பாதியில் மாறினால் காது உறுத்தும்.

பயிற்சி செய்யும்போது இறைப்பெயர் வரும் இடங்களில் 'அதோனாய்' என்பதற்குப் பதில் 'ஹஷேம்' என்று சொல்வது வழக்கம். வீணாக இறைப்பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதற்காக. இதில் ஒரு சிக்கல்: அதோனாய் மூன்று அசை, ஹஷேம் இரண்டு. நாற்பது முறை இரண்டு அசையில் பாடிப் பழகிவிட்டு, வெள்ளிக்கிழமை அன்று மூன்றாவது அசையை எங்கே வைப்பது என்று விழிப்பவர்கள் உண்டு. பயிற்சியிலேயே முதல் ஸ்வரத்தை ஒருமுறை கூடுதலாகத் தொட்டு அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ராகங்கள்

அஷ்கெனாசி நுஸாக்கின் ராக வடிவங்களை இத்திஷ் மொழியில் 'ஷ்டைகர்' என்பார்கள். மூன்று முக்கியமானவை. மூன்றுக்கும் பெயர், அவை ஒலிக்கும் ஜெபங்களின் தொடக்கச் சொற்களிலிருந்தே வந்தது.

'அதோனாய் மாலாக்' என்றால் 'இறைவன் அரசாள்கிறான்'. வெள்ளி மாலையின் முதல் பகுதி முழுக்க இதில்தான். ஸ்வரங்களை மட்டும் எண்ணினால் ஹரிகாம்போஜி போலத் தெரியும். ஆனால் மத்திய ஸ்தாயியில் தாழ்ந்து நிற்கும் நிஷாதம், ஆதார ஷட்ஜத்துக்குக் கீழே இறங்கும்போது உயர்ந்துவிடும். தார ஸ்தாயியில் காந்தாரம் தாழ்ந்துவிடும். ஒரே ராகம் மேலே போனால் ஒரு முகம், கீழே வந்தால் இன்னொரு முகம். மேளகர்த்தா அட்டவணையோடு ஒப்பிடுவது கதவைத் திறக்க உதவும், அதோடு சரி.

'மாகேன் ஆவோத்' என்றால் 'மூதாதையரின் கேடயம்'. நடபைரவியின் ஸ்வரங்கள். அடங்கிய, வீட்டுக்குத் திரும்பிய தொனி. இரவு ஜெபத்தின் பின்பகுதி இதில் நிற்கிறது.

'அஹவா ரபா', அதாவது 'பேரன்பு', ஓய்வுநாள் காலையில் ஷெமாவுக்கு முன் வரும் ஆசியிலிருந்து பெயர் பெற்றது. வகுளாபரணத்தின் ஸ்வரங்கள்: தாழ்ந்த ரிஷபம், உயர்ந்த காந்தாரம், நடுவே அந்தப் பெரிய இடைவெளி. 'ஹவா நகிலா' பாட்டைக் கேட்டிருந்தால் இந்த இடைவெளி உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. யூத இசை என்றதும் வெளியார் இதையே நினைக்கிறார்கள். அதனால் புதியவர்கள் எல்லா இடத்திலும் இதை அள்ளித் தெளித்துவிடுகிறார்கள். வெள்ளி மாலை சங்கீதங்களை அஹவா ரபாவில் பாடினால் கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அதற்கு இடமில்லை.

ஒரு பத்தியைப் பாடுவது

நுஸாக்கில் பெரும்பகுதிக்குத் தாளம் கிடையாது. விருத்தம் பாடுவதைப் போலச் சொல்லின் நடையிலேயே போகும். ஆனால் விருத்தம் பாடுபவர் ஒரு வரியை நான்கு முறை திருப்பிப் பார்க்கலாம், இங்கே முடியாது. ஜெபச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதைச் சட்ட அறிஞர்கள் பலர் கண்டித்திருக்கிறார்கள். 'மோதிம்' என்ற சொல்லை இரண்டு முறை சொல்பவரை வாயடைக்கச் செய்ய வேண்டும் என்று மிஷ்னாவே சொல்கிறது. ஆகவே கற்பனையெல்லாம் ஒருமுறை வரும் சொல்லுக்குள் அடங்கவேண்டும்.

ஒரு பத்திக்கு நான்கு அச்சுகள் போதும். தொடங்கும் சொற்றொடர் ஒன்று. நீண்ட வாக்கியங்களை ஒரே ஸ்வரத்தில் ஓட்டிச் சென்று கால்புள்ளியில் சிறு வளைவோடு நிற்கும் நடை ஒன்று. முடிவு வரப்போகிறது என்று அறிவிக்கும் சொற்றொடர் ஒன்று. கடைசியாக 'ஹதிமா', அதாவது முத்திரை. ஒவ்வொரு ஆசியும் "பாருக் அத்தா அதோனாய்" என்று தொடங்கும் ஒரு முத்திரை வரியோடு முடியும். இந்த நான்கில் எதையாவது மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், முத்திரையை மறந்தால் முடியாது. எனவே கற்பதைத் தலைகீழாகக் கற்கச் சொல்வேன். முதலில் எல்லா முத்திரைகளும், பிறகு அவற்றுக்கு முந்தைய சொற்றொடர், கடைசியில் தொடக்கம்.

காரணம் சபை இயங்கும் விதம். பத்தி முழுவதையும் எல்லாரும் தத்தம் வேகத்தில் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். அறை முழுக்க ஒரு ரீங்காரம் நிற்கும். அந்த ரீங்காரத்தின் மேல் தூதர் கடைசி இரண்டு மூன்று வரிகளை உரக்க எடுத்துப் பாடும்போது, முன்னே போனவர் நிற்கிறார், பின்தங்கியவர் எட்டிப் பிடிக்கிறார். முத்திரை தெளிவாக ஒலிக்கவேண்டும், பிறகு ஆமெனுக்கு இடம் விடவேண்டும். தால்மூத் மூன்று வகைக் கெட்ட ஆமென்களுக்குப் பெயரிட்டிருக்கிறது: பறித்த ஆமென், துண்டான ஆமென், அநாதை ஆமென். எந்த ஆசிக்கு என்று காதில் விழாமலே சொல்வது அநாதை. முத்திரையை முணுமுணுத்து விழுங்கும் தூதர் அறை நிறைய அநாதைகளை உண்டாக்குகிறார்.

இன்னொன்று: நீங்களும் எருசலேமை நோக்கியே நிற்கிறீர்கள், சபைக்கு முதுகு காட்டி. யாரும் பாடுகிறார்களா என்று முகம் பார்த்து அறிய வழியில்லை. காதால்தான் அறிய வேண்டும். ரீங்காரம் தணிந்தால் அவர்கள் முடித்துவிட்டார்கள், எடுங்கள்.

சுருதி

ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் ஓய்வுநாளில் வாத்தியம் இசைப்பதில்லை. சுருதிப்பெட்டி, கைப்பேசி, ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. ரிஃபார்ம் ஆலயங்கள் பலவற்றில் ஆர்கனோ கிட்டாரோ இருக்கும். இல்லாத இடத்தில் உங்கள் தொண்டையே சுருதி. எல்லாரும் சேர்ந்து பாடும் மெட்டுக்குத் தொடக்க ஸ்வரத்தைக் கொடுக்கும் முன், அதன் உச்ச ஸ்வரத்தை மனத்துக்குள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அங்கே உங்களுக்கு எளிதாக இருந்தால் போதாது. பின்வரிசையில் பாடிப் பழகாதவருக்கும் எட்ட வேண்டும். நல்ல குரல் உள்ளவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கற்பதை வியாழன் இரவோடு முடித்துவிடுங்கள். யோசலே ரோசன்பிளாட் (1882–1933) போன்ற பெரும் ஹஸான்களின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேளுங்கள், மெய்மறந்து கேளுங்கள். ஆனால் அந்த உருட்டல்களை வெள்ளி மாலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

மாலையின் வழித்தடம்

முழு ஜெபமும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சூரியன் மறைவதற்கு முன் தொடங்கும்.

முதல் பகுதி 'கபாலாத் ஷபாத்', ஓய்வுநாளை வரவேற்பது. 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த கபாலா (யூத மறைஞான) அறிஞர்களிடமிருந்து பரவிய வழக்கம். கட்டாய ஜெபத்தைவிட வயதில் இளையது என்பதைக் காட்டவே பல ஆலயங்களில் இதை முன்மேசையான 'அமூத்'தில் நின்று நடத்தாமல், நடுவிலுள்ள தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்பு மேடையில் நின்று நடத்துகிறார்கள். சங்கீதம் 95 முதல் 99 வரை, பிறகு 29: வாரத்தின் ஆறு வேலைநாட்களுக்கு ஆறு. ஒவ்வொன்றையும் சபை தானாகச் சொல்லும். நீங்கள் கடைசி இரண்டு மூன்று வசனங்களை அதோனாய் மாலாக்கில் எடுப்பீர்கள். ஆறையும் ஒரே வேகத்தில் முடிக்காதீர்கள். 29-ஆம் சங்கீதத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அதில் குரல் சற்றே விரியலாம்.

பிறகு 'லெகா தோதி'. ஷ்லோமோ அல்கபெட்ஸ் சஃபேத்தில் எழுதிய பாடல், ஒன்பது சரணங்கள். முதல் எட்டின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்தால் 'ஷ்லோமோ ஹலேவி' என்று அவர் பெயர் வரும். மெட்டுக்கு இங்கே மட்டும்தான் முழுச் சுதந்திரம்: நுஸாக்கின் பிடி தளர்ந்து, தாளம் வந்துவிடும். ஆறாவது சரணமான 'லோ தெவோஷி'யிலிருந்து மெட்டை மாற்றி வேகம் கூட்டுவது பரவலான வழக்கம். பாடலின் சொற்களே அங்கே துக்கத்திலிருந்து ஆறுதலுக்குத் திரும்புவதால் இது பொருத்தமாகவே இருக்கிறது. புதுமெட்டு ஒன்று கொண்டுவர ஆசையிருந்தால், முதல் சரணத்தைத் தனியாகப் பாடுங்கள். மூன்றாவது சரணத்துக்குள் சபை சேரவில்லை என்றால் பழைய மெட்டுக்கு வெட்கமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

ஒன்பதாவது சரணத்தில் எல்லாரும் எழுந்து, வாசலை நோக்கித் திரும்பி, மணப்பெண்ணான ஓய்வுநாளுக்குத் தலை வணங்குவார்கள். நீங்களும் திரும்ப வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் மாலை முழுவதிலும் வாசல் பக்கம் திரும்பி நிற்பீர்கள். பாடல் முடிந்ததும் உடனே அடுத்ததற்குப் பாய்ந்துவிட வேண்டாம். அந்த வாரம் யாராவது நெருங்கிய உறவைப் புதைத்துவிட்டுத் துக்கம் காப்பவர்களாக இருந்தால், அவர்கள் இதுவரை வெளியே நின்றிருப்பார்கள். இப்போதுதான் உள்ளே வருவார்கள். சபை அவர்களுக்கு ஆறுதல் வாக்கியம் சொல்லும். கப்பாய் தலையசைக்கும்வரை நில்லுங்கள். பிறகு ஓய்வுநாள் சங்கீதமான 92, அடுத்து 93.

இரண்டாம் பகுதி 'மாரிவ்', இரவு ஜெபம். அமூத்துக்கு நகர்ந்து "பர்கு" என்று குனிந்து அழையுங்கள். சபை பதில் சொல்லும். அந்தப் பதிலை நீங்களும் திருப்பிச் சொல்ல வேண்டும். இதிலிருந்து ராகம் மாறுகிறது. பல ஊர்களில் தாழ்ந்த காந்தாரத்துக்கு இறங்குவார்கள், ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஷெமாவின் முதல் வரி எல்லாரும் சேர்ந்து. ஷெமாவின் பத்திகள் எல்லாம் முடிந்ததும் "அதோனாய் எலோஹேகெம் எமெத்" என்ற மூன்று சொற்களை நீங்கள் உரக்கத் திரும்பச் சொல்ல வேண்டும். ஷெமாவின் 245 சொற்களோடு அவை சேர்ந்து, உடலின் உறுப்புகளாக மரபு எண்ணும் 248 ஆகின்றன. 'மி காமோகா' என்ற துதியைச் சபை பாடும்.

அடுத்து வரும் 'ஹஷ்கிவேனு'வில்தான் பொறி இருக்கிறது. வாரநாள் முத்திரை "தன் மக்கள் இஸ்ரயேலை என்றும் காப்பவர்" என்று முடியும். வெள்ளி இரவில் "சமாதானக் கூடாரத்தை எங்கள்மேல் விரிப்பவர்" என்று வேறு சொற்கள். ஆறு நாளும் சொல்லிப் பழகிய வாய் தானாகப் பழைய முத்திரைக்கு ஓடும். பென்சிலால் அந்த வரிக்குக் கீழே கோடு இட்டுவையுங்கள், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பாகவே. பிறகு 'வெஷாம்ரு' (சில சபைகளில் சொல்வதில்லை), அரைக் காதிஷ், மௌன அமிதா.

மௌனத்தை மதியுங்கள். பின்னால் புத்தகங்கள் மூடும் ஒலி பரவியதும் 'வையெகுலு': படைப்பு நிறைவுற்றதைச் சொல்லும் ஆதியாகம வசனங்கள், எல்லாரும் நின்று, ஒரே குரலில். அதன் பின் 'மாகேன் ஆவோத்', மாலையின் இசை மையம். பழங்காலத்தில் ஜெப ஆலயங்கள் ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருந்தன. தாமதமாக வந்தவர் தனியே முடித்துவிட்டு இருட்டில் வீடு திரும்புவது ஆபத்து. அவர்கள் முடிக்கும்வரை சபையை நிறுத்திவைக்கவே இந்தச் சுருக்க ஆசியைச் சேர்த்தார்கள் என்கிறது தால்மூத் விளக்கம். ஆகவே இதை அவசரமாகப் பாடுவது அது பிறந்த காரணத்தையே மறப்பது. முழுக் காதிஷ், பல இடங்களில் திராட்சரசக் கிண்ணத்தோடு 'கித்துஷ்', 'அலேனு', துக்கம் காப்போரின் காதிஷ். அந்தக் கடைசிக் காதிஷ் உங்களுடையதல்ல. துக்கத்தில் இருப்பவர் சொல்வார், நீங்கள் ஆமென் மட்டும். முடிவில் 'யிக்தால்' அல்லது 'அதோன் ஓலாம்'.

நாள்காட்டி வைக்கும் கண்ணிகள்

புத்தாண்டு முதல் யோம் கிப்பூர் வரையிலான பத்து நாட்களில் வெள்ளி வந்தால், மாகேன் ஆவோத்தில் 'பரிசுத்த இறைவன்' என்பது 'பரிசுத்த அரசன்' ஆகும். காதிஷில் 'லெஏலா' என்ற சொல் இரட்டிக்கும். பண்டிகை நாள் வெள்ளி இரவில் விழுந்தால் வரவேற்புச் சங்கீதங்கள் பல சபைகளில் 92, 93 என்று சுருங்கும். பஸ்கா முதல் இரவு வெள்ளியில் வந்தால் மாகேன் ஆவோத் இல்லை. காவல் இரவு என்று பெயர் பெற்ற அன்று தாமதமாக வந்தவருக்கும் பயமில்லை என்பது காரணம். எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைக்கும் கோடைக்கால வாரங்களில் பல அஷ்கெனாசி சபைகள் லெகா தோதியை 'எலி ட்சியோன்' என்ற புலம்பலின் மெட்டில் பாடுகின்றன. விளக்குத் திருநாளான ஹனுக்கா நாட்களில் அந்தப் பண்டிகையின் பாடலான 'மாஓஸ் ட்சூர்' மெட்டு 'மி காமோகா'வுக்குள் நுழையும். சொல் மாறாமல் மெட்டு மட்டும் மாறி நாளைச் சொல்லும் வித்தைக்கு இவை இரண்டையும்விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பிசகினால்

மெட்டு மறந்துவிட்டால் நிற்காதீர்கள். ஒரே ஸ்வரத்தில் சொற்களைச் சொல்லிக்கொண்டே முத்திரைவரை போங்கள். முத்திரை உங்களை மீண்டும் ராகத்தில் நிறுத்திவிடும். சொல்லைத் தவறவிட்டால் மூன்றாவது வரிசையிலிருந்து யாராவது உரக்கத் திருத்துவார். அவமானமில்லை. திரும்பிப் பார்க்காமல் திருத்தியபடி சொல்லிக்கொண்டே போக வேண்டும். முற்றிலும் தொடர முடியாமல் போனால் வேறொருவர் வந்து நிற்பார். அந்த நேரத்தில் அழைக்கப்படுபவர் மறுக்கக் கூடாது, பிழை நேர்ந்த ஆசியின் தொடக்கத்திலிருந்து அவர் எடுக்க வேண்டும் என்று மிஷ்னாவே வழி சொல்லி வைத்திருக்கிறது. உப்புக் கணக்கு அங்கே செல்லாது.

ஊர் வழக்கம்

மைன்ஸ் நகரில் வாழ்ந்து 1427-இல் மறைந்த ரப்பி யாக்கோப் மோலின், 'மஹரில்' என்று அறியப்பட்டவர், ஊர் வழக்கத்தை மெட்டில்கூட மாற்றக் கூடாது என்று வலியுறுத்தினார். அவர் ஒருமுறை ரேகன்ஸ்பூர்க்கில் யோம் கிப்பூருக்கு முன்நின்றபோது, இது எங்கள் வழக்கமல்ல என்று ஊரார் சொல்லியும் ஒரு மன்றாட்டுப் பாடலைச் சேர்த்தாராம். பின்னர் மகள் இறந்தபோது, வழக்கத்தை மாற்றியதற்கான தண்டனை என்று தானே ஏற்றுக்கொண்டதாகச் சட்டநூல்களின் உரைகள் சொல்கின்றன. கதையின் கடுமை எனக்கு உவப்பில்லை. ஆனாலும் சபையின் மூத்தவர் ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து "இங்கே எப்படிப் பாடுவீர்கள்?" என்று கேட்பது, பத்து ஒலிப்பதிவுகளைவிட அதிகம் தரும்.

வேறு மரபில் இந்த வழிகாட்டி அப்படியே செல்லாது. அலெப்போவிலிருந்து வந்த சிரிய யூதர்கள் அரபு 'மகாம்' முறையில் பாடுகிறார்கள். அந்த வார தோராப் பகுதிக்கு ஏற்ப ஓய்வுநாளின் மகாம் மாறும்: துயரமான பகுதிக்கு ஹிஜாஸ், விருத்தசேதனம் பேசப்படும் பகுதிக்கு ஸபா, தோராவின் அடுத்த நூல் தொடங்கினால் ராஸ்த். அங்கே ஹஸான் வாரத்தையே ராகத்தால் சொல்கிறார். ஏ. இசட். இதெல்சோன் எருசலேமில் குடியேறி, யேமன், பாபிலோன், பாரசீகம் எனப் பல சமூகத்தாரின் மெட்டுகளைக் கேட்டு எழுதி, 1914 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். ஒரே மக்கள் எத்தனை விதமாக ஒரே சொற்களைப் பாடியிருக்கிறார்கள் என்று அவற்றில் பார்க்கலாம்.

ஜெபம் முடிந்த பிறகு

கை குலுக்கி "யஷேர் கோயக்" என்பார்கள், உன் வலிமை நிலைக்கட்டும் என்று. "பாருக் திஹ்யே" என்று பதில் சொல்லுங்கள். அங்கி மாட்டும் இடத்தில் ஒரு மூத்தவர் உங்கள் கையை விடாமல், ஹஷ்கிவேனுவின் முடிவில் எந்த ஸ்வரத்தை விழுங்கினீர்கள் என்று பாடியே காட்டுவார். குறித்துக்கொள்ளப் பையில் பென்சிலைத் தேடாதீர்கள், ஓய்வுநாளில் எழுதக் கூடாது. வீடு போகும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டே நடங்கள். மறுநாள் மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு சித்தூரை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.